கம்ப்யூட்டர்தான் பேசுச்சு

என் சித்தப்பா மகன் அய்யாதுரைக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. சிவகாசியில் பட்டப்பெயர் இல்லாத மனிதன் கிடையாது. பிரஸ்ஸில் மெஷின் ஓட்டிக் காலம் தள்ளிய எனக்கே ஒன்று இருக்கிறது, அதை இங்கே சொல்வதாக இல்லை. அவன் 'ஊளை' அய்யாதுரை. இன்றைக்கு வீட்டுக்கு வீடு இன்டர்நெட் வயர் இழுத்துக் கொடுக்கிற ஏஜென்சி வைத்திருக்கிறான். ஐம்பதைத் தாண்டிவிட்டான், தலை பாதிக்கு மேல் நரைத்துவிட்டது. கனெக்‌ஷன் கேட்டு வருகிற பொடிசுகள்கூட "ஊளை அண்ணாச்சி இருக்காகளா?" என்று கேட்டுக்கொண்டுதான் கடைக்குள் நுழையும். அவன் கோபப்படுவதில்லை. கோபப்பட அவனுக்கு யோக்கியதை இல்லை என்பது அவனுக்கே தெரியும்.

அவன் கம்ப்யூட்டர் படித்த காலத்தில் எங்கள் சொந்தத்தில் யாருக்கும் அது என்னவென்றே தெரியாது. விருதுநகரில் டிகிரி, அதற்குமேல் மதுரையில் ஒரு டிப்ளமோ. முடித்துவிட்டு வந்ததும் சித்தப்பா தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். தொண்ணூறுகளின் நடுவில் கனகசபாபதி முதலாளியின் பட்டாசுக் கம்பெனியில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். கம்பெனி ஆபீஸ் டவுனுக்குள், ஃபேக்டரி ஆனைக்குட்டம் போகிற வழியில் கரிசல் காட்டுக்குள். ஆபீஸில் இவனுக்கென்று கண்ணாடிக் கதவு போட்ட ஏசி ரூம். முதலாளி ரூமில் வெறும் ஃபேன்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும் என்று ஒரு போர்டு எழுதி மாட்டினான். முதலாளியே கழற்றிவிட்டுத்தான் வருவார். பயலுக்குத் தலை கால் புரியவில்லை.

ஃபேக்டரி கேட்டை ஒட்டி, ஷெட்டுகளை விட்டு நல்ல தள்ளி, ஒரு சின்ன ஆபீஸ் ரூம் இருந்தது. அங்கே இன்னொரு கம்ப்யூட்டர். எந்த ஷெட்டில் என்ன சரக்கு ஆனது, யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று அதில் ஏற்றுவார்கள். அந்த விவரம் அன்று சாயங்காலமே டவுனுக்கு வந்தால்தான் மறுநாள் லாரிக்கு லோடு சொல்லமுடியும். முதலில் பிளாப்பியில் பதிந்து, கவரில் போட்டு, பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டார்கள். அவர் பத்திரமாக இருக்கட்டும் என்று சீட்டில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். ஒருநாள் வளைந்து வரும், ஒருநாள் இறக்க மறந்து திருத்தங்கல் போய்விட்டு வரும். ஒருநாள் யாரோ ஓர் அம்மாவின் கருவாட்டுப் பைக்குள் கிடந்து வந்தது. அதைக் கம்ப்யூட்டருக்குள் சொருகமாட்டேன் என்று அய்யாதுரை மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அதன் பிறகுதான் மோடம் வந்தது. சின்னப் பெட்டி, முகத்தில் வரிசையாகச் சிவப்பு விளக்கு. டவுனில் ஒன்று, ஃபேக்டரியில் ஒன்று. கம்ப்யூட்டருக்குள் இருப்பதை இது சத்தமாக்கி டெலிபோன் வயரில் அனுப்பும், அந்தப் பக்கத்துப் பெட்டி சத்தத்தைத் திரும்பவும் எழுத்தாக்கும். ஆரம்பத்தில் இரண்டும் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொள்ளும். எந்த வேகத்தில் பேசுவது என்று அப்போதுதான் பேசி முடிவு பண்ணிக்கொள்ளுமாம். அதற்கப்புறம் எல்லாமே ஒரு ஒழுங்கு முறைப்படி நடக்கும், அதற்குப் பெயர் புரோட்டோகால் என்றான். எனக்குப் புரியவில்லை என்றதும் லாரிக்கு லோடு ஏற்றுவதை வைத்துச் சொன்னான். கீழே நிற்கிறவன் பெட்டியைத் தூக்கிக் கொடுத்து எண்ணிக்கை சொல்வான், மேலே நிற்கிறவன் "சரி" என்று குரல் கொடுத்தால்தான் அடுத்த பெட்டி. குரல் வராவிட்டால் கீழே இருப்பவன் திரும்பக் கேட்பான். அதேபோல ஒவ்வொரு துண்டும் சேதாரமில்லாமல் வந்ததா என்று அந்தப் பக்கம் பதில் சொல்லவேண்டும். சேதாரம் என்றால் இந்தப் பக்கம் அதையே திரும்ப அனுப்பும்.

"இதுல கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம இருக்கவே முடியாதுண்ணே" என்று என்னிடம் பெருமையடித்தான். இதைச் சொன்ன அந்த வாயை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் வரும்.

ஃபேக்டரிக்கு இருந்தது ஒரே ஒரு டெலிபோன் லைன். மோடம் பேசும்போது மனிதர் பேசமுடியாது. முதலாளி முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "ஏலே, ஷெட்ல ஒரு ஆள் இருக்கிற வரைக்கும் அந்த லைனைத் தொடக்கூடாது. வேலை விட்டு எல்லாரும் வெளிய போனப்புறம் என்னமும் பண்ணு."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பகலில் எங்காவது டமார் என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் சமைக்கிறவள் அடுப்பை அணைத்துவிடுவாள், கடைக்காரர் பொட்டலத்தைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே வருவார். எந்தத் திசை என்று பார்ப்போம். அடுத்தது போன். அந்தப் பக்கம் யாராவது எடுத்து, "ஒண்ணுமில்ல, நம்ம பக்கம் இல்ல" என்று சொல்லிவிட்டால் போன உயிர் வரும். எங்கேஜ்டாகவே இருந்தால் கதை வேறு. அங்கே ஏதோ நடந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்கும் தீயணைப்புக்கும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். யாருடைய வீட்டு ஆட்கள் உள்ளே இருக்கிறார்களோ அவர்கள் ரோட்டில் ஓட ஆரம்பித்துவிடுவார்கள்.

கேட் ரூமில் டெலிபோனையும் கம்ப்யூட்டரையும் பார்த்துக்கொண்டவள் சுப்புத்தாய். ஆனைக்குட்டத்துப் பிள்ளை. பிளஸ் டூ முடித்து டைப்பிங் லோயர் பாஸ் பண்ணியிருந்தாள். அப்பா இல்லை. அம்மா இருளம்மாள் அதே ஃபேக்டரியில் வெடிக்குத் திரி வைக்கிறவள். மகளாவது வெடிமருந்தைத் தொடாமல் பிழைக்கட்டும் என்று முதலாளி வீட்டுக்கு நடையாய் நடந்து வாங்கிய நாற்காலி அது. சாத்தூரில் ஒரு நல்ல இடத்தில் கல்யாணமும் பேசி முடித்திருந்தார்கள். தீபாவளி முடிந்து கல்யாணம் என்று ஏற்பாடு.

தினமும் வேலை விட்டதும் அய்யாதுரை டவுனிலிருந்து போன் போடுவான். "சுப்பு, மாத்திரும்மா" என்பான். அவள் வயரை டெலிபோனிலிருந்து பிடுங்கி மோடத்தில் சொருகுவாள். இவன் மறுபடி டயல் பண்ண, மோடம் தானாகவே எடுத்துக்கொள்ளும். விளக்கு அணைந்ததும் வயரைப் பழையபடி டெலிபோனில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போவாள்.

அன்று ஆடிக் கடைசி வெள்ளி. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் கூட்டம் அலைமோதும் நாள். ஃபேக்டரியில் பாதிப்பேர் லீவு, சீசன் நேரம் என்பதால் மீதிப்பேரை வைத்து வேலை நடந்தது. சித்தப்பா வீட்டில் எல்லோரும் கோயிலுக்குக் கிளம்பத் தயாராக இருந்தார்கள். சாயங்காலம் வரை உட்கார அய்யாதுரைக்குப் பொறுக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஃபேக்டரிக்குப் போன் போட்டான்.

"சுப்பு, இன்னைக்கு மட்டும் இப்பமே மாத்திரு. நேத்து விட்டதையும் காலையில ஏத்துனதையும் எடுத்துட்டுக் கெளம்பிருவேன்."

"மொதலாளி வேலை விட்டப்புறந்தான்னு சொல்லியிருக்காகளேண்ணே."

"அதை நான் பாத்துக்கிறேன்."

இந்த மூன்று பேச்சையும் அவனே என்னிடம் சொன்னான். மாற்றிச் சொல்லியிருக்கலாம், ஆனால் சொல்லவில்லை. அந்த ஒரு விஷயத்துக்காக மட்டும் அவனை நான் மதிக்கிறேன்.

அவள் வயரை மாற்றினாள். லைனில் அன்று இரைச்சல். துண்டு துண்டாகப் போவதெல்லாம் சேதாரமாகி, திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தது. சீக்கிரம் முடியவேண்டியது இழுத்துக்கொண்டே போனது. இவன் ஏசி ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு, திரையில் சதவீதம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தச் சமயத்தில்தான் கிழக்கே டமார் என்று கேட்டது. நான் பிரஸ்ஸில் இருந்தேன், மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. இவனுக்கு மட்டும் ஏசி இரைச்சலில் கேட்கவில்லை.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு முதலாளி வந்தார். காலில் செருப்பு இருந்தது.

"ஏலே, சத்தம் கேட்டுச்சு. ஃபேக்டரிக்கு அடிச்சுக்கிட்டே இருக்கேன், லைன் எங்கேஜ்டு. அங்கன என்னமோ ஆயிப்போச்சு. வா, வண்டில ஏறு."

அந்த லைனைப் பிடித்து வைத்திருப்பது தானே என்று அவனுக்குத் தெரியும். கை கீபோர்டில்தான் இருக்கிறது. இணைப்பைத் துண்டித்தான். முதலாளி பின்னால் போய்க் காரில் ஏறினான். வாயைத் திறக்கவில்லை.

கார் பறந்தது. முதலாளி முன்சீட்டில் உட்கார்ந்து "ஆத்தா, இருக்கன்குடி ஆத்தா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வழியெல்லாம் ஆனைக்குட்டம் பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். சோற்றுக் கையோடு ஒருத்தி, பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒருத்தி. பஞ்சாயத்துப் போனில் கேட்டிருக்கிறார்கள், அவர்களுக்கும் எங்கேஜ்டு. "லைன் கிடைக்காதது நம்ம மோடத்தாலதான் மொதலாளி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் காருக்குள் பாதி மூச்சாவது திரும்பியிருக்கும். ஏண்டா சொல்லவில்லை என்று நான் கேட்டேன். "நெசமாவே வெடிச்சிருந்தா, நான் லைனைப் பிடிச்சதால உதவிக்கு ஆள் கூப்பிட முடியாமப் போயிருக்குமேண்ணே. அதை நெனைச்சதும் நாக்கு ஒட்டிக்கிச்சு" என்றான். பயந்தாங்கொள்ளிப் பயல்.

இதே நேரத்தில் டவுன் வீட்டில் முதலாளியின் மனைவி சொர்ணலட்சுமி அம்மாள் விடாமல் ஃபேக்டரிக்கு டயல் செய்துகொண்டிருந்தார். அய்யாதுரை இணைப்பைத் துண்டித்ததும் அவருக்கு லைன் கிடைத்துவிட்டது. ஆனால் வயர் இன்னும் மோடத்தில்தானே இருக்கிறது? மோடம் எடுத்தது. எடுத்த எடுப்பில், வழக்கம்போல, நீளமாகக் கீச்சென்று கத்தியது. அந்த அம்மாளுக்கு மோடம் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. பெண்கள் அலறுகிறார்கள் என்று நினைத்து, ரிசீவரைக் கையில் பிடித்தபடியே மயங்கி விழுந்துவிட்டார்.

ஃபேக்டரியில் ஒன்றுமே நடக்கவில்லை. அந்தப் பக்கத்துக் கல்குவாரியில் பாறைக்கு வெடி வைத்திருக்கிறார்கள். ஷெட்டில் இருந்தவர்கள் திசை தெரிந்து சும்மா இருந்துவிட்டார்கள். கேட்டுக்கு வெளியே ஓடிவந்த பெண்கள் தங்கள் ஆட்களைப் பார்த்ததும் அழுகையும் சிரிப்புமாக நின்றார்கள். முதலாளி காரை விட்டு இறங்கிச் சுற்றிலும் பார்த்தார். பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. நேராகக் கேட் ரூமுக்குப் போனார்.

"இம்புட்டு நேரம் போன்ல யாருகிட்ட பேசுன?"

சுப்புத்தாய் எழுந்து நின்றாள். "நான் பேசல மொதலாளி. கம்ப்யூட்டர்தான் பேசுச்சு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். முதலாளிக்கு அது இன்னும் ஏறிவிட்டது. "கம்ப்யூட்டர் பேசுச்சா? நான் என்ன கேக்கேன், நீ என்ன நக்கல் பண்ணுத?"

அவள் முதலாளியைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற அய்யாதுரையைப் பார்த்தாள். நான் பாத்துக்கிறேன் என்று சொன்னவன் அல்லவா, அவன் பார்த்துக்கொள்வான் என்று நின்றாள்.

முதலாளியும் திரும்பினார். "ஏலே அய்யாதுரை, இந்நேரம் நீ கம்ப்யூட்டரைப் போட்டியா?"

"சாயங்காலந்தான் போடுவோம் மொதலாளி" என்றான் அவன்.

பொய் என்றுகூடச் சொல்லமுடியாது பாருங்கள். சாயங்காலம்தான் போடுவார்கள், உண்மைதான். முழுப் பொய் சொல்லவும் தைரியமில்லாத பயல் அரை உண்மையை எடுத்துப் போட்டு ஒரு பிள்ளையின் பேரைக் கெடுத்தான்.

வீட்டுக்குத் திரும்பி மனைவியின் நிலையைப் பார்த்ததும் முதலாளியின் கோபம் இரட்டிப்பானது. போனில் யாரோ வேண்டுமென்றே அலறியிருக்கிறார்கள் என்று அதையும் சேர்த்து அவள் கணக்கில் எழுதினார்கள். மறுநாள் அவள் நாற்காலியில் முதலாளியின் உறவுக்காரப் பையன் உட்கார்ந்தான். தகப்பன் இல்லாத பிள்ளை என்று இரக்கப்பட்டு அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அம்மாவோடு ஷெட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். எந்த மருந்தைத் தொடக்கூடாது என்று இருளம்மாள் நடையாய் நடந்தாளோ, அதே மருந்து. மத்தாப்பு மருந்து அடைக்கிற ஷெட். சாயங்காலம் கை இரண்டும் அலுமினியப் பொடியில் பளபளவென்று, தேய்த்தாலும் போகாத வெள்ளி நிறத்தில் இருக்கும்.

கேட்டில் சிரித்தவர்கள் ஊருக்குள் போய்ச் சும்மா இருப்பார்களா? "கம்ப்யூட்டர் பேசுச்சு" என்று அவளுக்குப் பெயர் விழுந்தது. கிணற்றடியில், பஸ்ஸில், எங்கே போனாலும் அதுதான். சாத்தூருக்கும் செய்தி போனது. மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பிக் கேட்டார்கள்: "எங்க வீட்ல போனே கெடையாது. அப்ப அந்தப் பிள்ளை அம்புட்டு நேரம் யாரு கூடத்தான் பேசுனா?" இருளம்மாள் என்ன பதில் சொல்வாள்? மகள் சொன்னதைத்தான் சொன்னாள். அவர்கள் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இவ்வளவும் அய்யாதுரை காதுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. அவன் ஏசி ரூமில்தான் இருந்தான். சாயங்காலம் புதுப் பையனுக்குப் போன் போட்டு "மாத்துலே" என்பான். ஆனால் சோறு இறங்கவில்லை, ஆள் இளைத்துவிட்டான். எங்கே சத்தம் கேட்டாலும் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவான். அவளை மருந்துக்கு அனுப்பியது யார் என்று அவன் மனசுக்குத் தெரியுமே. நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தான். வீட்டில் அவனுக்குப் பெண் பார்க்கிற பேச்சு வந்தபோது எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான் என்று சித்தி சொன்னார். மானம் பிடுங்கித் தின்றிருக்கிறது. தின்னட்டும்.

புரட்டாசியில் ஒரு மத்தியானம் மறுபடி ஒரு சத்தம். அய்யாதுரை ஃபேக்டரிக்கு அடித்தான். எங்கேஜ்டு. இந்த முறை நிஜமாகவே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் அதற்கெல்லாம் நிற்கவில்லை. பக்கத்து மேஜைக்காரரின் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு பறந்தான், செருப்பு ஏசி ரூம் வாசலிலேயே கிடந்தது. போய்ப் பார்த்தால் ஃபேக்டரி அமைதியாக இருக்கிறது. எங்கோ இடி இடித்திருக்கிறது, அவ்வளவுதான். சாப்பாட்டு நேரம், பெண்கள் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். சுப்புத்தாயும் அங்கேதான் நின்றாள். கை வெள்ளியாக மின்னியது. வெறுங்காலோடு, வேர்த்து விறுவிறுத்து நின்றவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னண்ணே, இன்னைக்கும் கம்ப்யூட்டர்தான் பேசுச்சா?"

இரைந்து கேட்கவில்லை. சோற்று வாளியை எடுத்துக்கொண்டு போகிற போக்கில் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கவே முடியாது என்று என்னிடம் அளந்தவன் அங்கே வாயடைத்து நின்றான்.

அங்கிருந்து நேராக முதலாளியிடம் போனான். காலில் விழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னான். கெட்ட மனிதர் இல்லை அவர். ஆனால் கம்பெனிக்காரர்.

"இப்பப் போயி நம்ம மெஷின்தான் லைனைப் பிடிச்சிருந்துச்சுன்னு சொன்னா, நாளைக்கு விபத்துன்னா இவன் கம்பெனிக்குப் போன்கூடப் போகாதுன்னு ஊரே பேசும். கம்பெனி மானம் போயிரும்லே. விடு. தீவாளி முடியட்டும், அந்தப் பிள்ளைக்கு வேற ஏதாச்சும் பாத்துச் செய்வோம்."

அய்யாதுரை தலையாட்டிவிட்டு வந்துவிட்டான். பாருங்கள், மறுபடியும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறான்! அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து என்னிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அப்போதுதான் எனக்கே விஷயம் தெரியும். வாய்க்கு வந்தபடி திட்டினேன். கம்பெனிக்கு மானம் இருக்கிறது, உனக்கு மானம் இருக்கிறது, அந்தப் பிள்ளைக்கு மட்டும் என்ன கடையிலா வாங்கிக் கொடுப்பாய் என்று கேட்டேன். அவன் அழுதான். அழுகிறவனை அதற்குமேல் என்ன செய்வது? போகும்போது, "ஆயுத பூஜைக்கு ஃபேக்டரிக்கு நீயும் வாண்ணே" என்று மட்டும் சொன்னான்.

எங்கள் பக்கம் ஃபேக்டரிகளில் ஆயுத பூஜை என்றால் திருவிழாதான். வேலை பார்க்கிற எல்லோரும் பிள்ளை குட்டிகளோடு வருவார்கள். மெஷினுக்கெல்லாம் திருநீறு, சந்தனம், குங்குமம். கேட் ரூம் கம்ப்யூட்டருக்கு ஒரு மாலை, மோடத்தின் நெற்றியில் ஒரு பொட்டு. முதலாளியும் சொர்ணலட்சுமி அம்மாளும் ரூம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிரே களத்தில் ஜனங்கள். பூசாரி தீபாராதனை காட்டி முடித்ததும், பொரி கொடுக்க ஆரம்பிக்கும்முன், அய்யாதுரை கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தான். மோடத்தின் சத்தத்தை எவ்வளவு கூட்டமுடியுமோ அவ்வளவு கூட்டிவைத்துவிட்டு, ஒரு கட்டளையைத் தட்டினான்.

சின்னப் பெட்டிதான். ஆனால் மேளம் நின்றிருந்த நேரம். கீ என்று நீளமாக அது கத்தியதும் முன்வரிசைக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன. சொர்ணலட்சுமி அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"இதுதான். அன்னைக்கு நான் போன்ல கேட்டது இதுதாங்க" என்று கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அய்யாதுரை வெளியே வந்து ஜனங்கள் முன்னால் நின்றான். அவன் குரல் கடைசி வரிசைக்கும் கேட்டது.

"அன்னைக்கு லைனைப் பிடிச்சு வச்சிருந்தது இந்த மெஷின். போடச் சொன்னது நான். சுப்புத்தாய் வேண்டாம்னுதான் சொன்னா. மொதலாளி என்கிட்ட கேட்டப்ப நான் மறைச்சுட்டேன். அந்தப் பிள்ளை யாருகிட்டயும் பேசல. அவ சொன்னதுதான் நெசம்."

முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கிழவி, "அட பாவி, இந்த ஊளைக்கா அந்தப் பிள்ளைய அந்தப் பேச்சுப் பேசுனோம்" என்றாள். அந்தக் கணமே பட்டப்பெயர் கைமாறிவிட்டது. சொர்ணலட்சுமி அம்மாள்தான் முதலில் கூட்டத்துக்குள் இறங்கிப்போனார். இருளம்மாளுக்குப் பக்கத்தில் நின்ற சுப்புத்தாயின் கையைப் பிடித்து, "அம்மாடி, நாளைக்கே வந்து ஓஞ் சேர்ல உக்காரு" என்றார்.

சுப்புத்தாய் கையை மெல்ல உருவிக்கொண்டாள். அய்யாதுரையைப் பார்க்கவில்லை. எங்கள் எல்லோரையும் பார்த்தாள்.

"இதைத்தான நான் அன்னைக்கே சொன்னேன்? என் வாயால சொன்னப்ப ஒருத்தரும் நம்பல. இன்னைக்கு மெஷினு கத்துனதும் நம்புறீகளே."

அந்தக் களத்தில் அத்தனை பேர் நின்றோம், ஒருவருக்கும் தலை நிமிரவில்லை. நான் அவளைப் பற்றி ஒன்றும் பேசினவனில்லை. ஆனால் 'கம்ப்யூட்டர் பேசுச்சு' என்று பிரஸ்ஸில் யாரோ சொன்னபோது நானும் சிரித்திருக்கிறேன். எனக்கும் உடம்பு கூசியது.

மறுநாளே அய்யாதுரை சாத்தூருக்கு ஓடினான். மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னான். அவர்கள் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். பாவம், நல்ல பிள்ளைதான் போலிருக்கிறது என்றார்கள். அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் பேசி முடித்து, பத்திரிகையும் எங்கள் ஊரிலேயே அச்சடிக்கக் கொடுத்தாகிவிட்டதாம்.

அந்த நாற்காலிக்குச் சுப்புத்தாய் திரும்பவில்லை. ஷெட்டுக்கும் போகவில்லை. அம்மாவையும் நிறுத்திவிட்டு, சாத்தூர் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சில வருஷம் கழித்து ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டாள். மனுஷன் தங்கமானவர். நன்றாகத்தான் இருக்கிறாள். அதற்காக அய்யாதுரை செய்தது இல்லாமல் போய்விடாது, அதை அவனும் சொல்லிக்கொள்வதில்லை. முதலாளி அவனை வேலையை விட்டு அனுப்பவில்லை, அந்த மெஷினைக் கட்டி மேய்க்க வேறு ஆள் கிடையாதே. ஆனால் அதற்கப்புறம் அவனைக் காரில் ஏற்றவில்லை. ஃபேக்டரிக்கு இரண்டாவது லைன் வாங்கச் சொல்லி அலைந்து, அது வந்த அன்றே இவன் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டான்.

இன்றைக்கு எல்லார் பாக்கெட்டிலும் போன். ஆனால் சத்தம் கேட்டால் ஊரே ஒரே நேரத்தில் போன் போடும், யாருக்கும் யாரும் கிடைக்க மாட்டார்கள். அய்யாதுரை போன் போடுவதே இல்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுப்பான்.

போன சீசனில் அப்படி ஒரு மத்தியானம். நான் அவன் கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கிழக்கே சத்தம் கேட்டது, அவன் எழுந்தான், நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். அதே ஃபேக்டரி கேட். இப்போது முதலாளியின் மகன் நடத்துகிறார். அதே கேட் ரூமில் இப்போது கம்ப்யூட்டர் பார்ப்பது பாண்டிமீனா, சுப்புத்தாயின் மகள். அம்மா வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டும் கேட்காமல் வந்து சேர்ந்தவள். நல்லவேளை, அன்றும் அங்கே ஒன்றும் இல்லை.

நாங்கள் வண்டியை நிறுத்தும்போது ரோட்டில் சுப்புத்தாய் ஓடிவந்துகொண்டிருந்தாள். ஐம்பதை நெருங்கிய உடம்பு, மூச்சு வாங்கியது. மகள் கேட்டுக்கு வெளியே வந்து கோபித்துக்கொண்டாள்.

"ஏம்மா இப்பிடி ஓடியார? ஒரு போன் போட்டா எடுத்திருக்க மாட்டேனா?"

சுப்புத்தாய் மகளுக்குத்தான் பதில் சொன்னாள். ஆனால் பார்வை அய்யாதுரை மேல் இருந்தது.

"போட்டேன். எங்கேஜ்டு."

பிறகு மகளின் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பொடி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று. அய்யாதுரை வண்டியை ஸ்டார்ட் பண்ணவில்லை. ஃபேக்டரி கண்ணுக்கு மறைகிற வரைக்கும் தலையைக் குனிந்தபடி தள்ளிக்கொண்டே வந்தான்.